பொய்யெழுத்தாகிய மருந்து

ஓரெழுத்துத் திரிந்து ‘கலை’ ‘களை’ ஆயின் பொருள் முற்றும் வேறாதலை மாணவர் அறிவர். உடற்கலங்களின் மரபுச் செய்தியும் எழுத்துக்களாலாயது. நைதரசன் மூலங்களே அவ்வெழுத்துக்கள்.

எலியின் ஈரற் புற்றுக்கலங்கள் யுராசில் என்னும் மூலத்தைச் சாதாரண கலங்களினும் மிகுதியாகக் கவர்தல் 1954 இல் அறியப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் ஐடல்பேர்கர் அவ்வேட்கையையே பொறியாக்கக் கருதினார். யுராசிலின் ஐந்தாம் இடத்து ஐதரசனை நீக்கி, பருமனிற் சற்றே பெரிய புளோரீனை அமைத்து, டுஷின்ஸ்கி முதலிய இரசாயன அறிஞர் 5-புளோரோயுராசிலைத் தொகுத்தனர். எலிகளிற் சோதிக்கக் கட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. முடிபு 1957 இல் வெளிவந்தது.

கலம் இதனை மெய் யுராசிலென மயங்கி ஏற்கும். உள்ளே இது உருமாறி, தைமினை ஆக்கும் நொதியத்தைப் பற்றி முடக்கும். தைமின் இன்றேல் டி.என்.ஏ. ஆகாது, அஃதின்றேல் கலம் பிரியாது.

எனினும் குடலின் உட்படையும் என்புமச்சையும் விரைந்து பிரியும் கலங்களையுடையன. அவையும் ஏமாறும், வாய்ப்புண்ணும் குருதிக்கலக் குறைவும் நேரும். ஆதலின் புற்றுக்கலத்தைக் கொல்லுமா என்னும் வினா மட்டும் போதாது. நலமுள்ள கலம் பிழைக்கும் அளவு யாது என்பதும் தேறவேண்டும். அவ்வளவு கண்டமையாலேயே பெருங்குடற் புற்றுக்கு இம்மருந்து இன்றும் வழங்கப்படுகின்றது. மருந்தாக்கங் கற்கும் மாணவர் அளவறிதலையும் உடன் கற்பாராக.