புறக்கடைக் கோழிகளை மேயவிடுதலும் காத்தலும்

நாமக்கல் ஜில்லா, கூண்டுகளில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போனது. ஆயினும் பள்ளிபாளையம் வட்டாரத்தில் குடியானவர்கள் புறக்கடையில் வளர்க்கும் நாட்டுக் கோழிகளின் ஜீவனம் வேறு. களத்திற் சிந்திய தானியத்தையும், எருக்குழிப் புழுவையும், கறையானையும் அவை தாமே தேடித் தின்கின்றன. தீனிச் செலவு குறைவதே இதன் அனுகூலம். மேயும் கோழிக்குப் பகை அதிகமென்பதே இதன் குறை.

ஒரு பேடு 12 குஞ்சு பொரித்து, அவற்றில் நான்கே தேறுவதாக வைத்துக்கொள்வோம். அது அடைகாத்த 21 நாட்களிலும், பின்னர்க் குஞ்சுகளைக் கூட்டித் திரிந்த வாரங்களிலும் முட்டையிடவில்லை. ஆகவே நஷ்டம் எட்டுக் குஞ்சுகள் மாத்திரமன்று. இதற்கு அஞ்சிக் கோழிகளை எந்நேரமும் அடைத்து வைத்தால் தீனிச் செலவு ஏறும். எந்த வயதில், எந்த வேளையில் சேதம் நேருகிறதென்று அறிந்து, அப்போது மட்டும் காவல் செய்வதே தக்க உபாயம்.

குஞ்சுப் பருவம்

பருந்து, வல்லூறு, காகம் ஆகியவை பகலில் இளங்குஞ்சுகளையே தூக்கிச் செல்லும். ஆதலால் முதற் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தின் கீழோ, மேலே வலை கட்டிய அடைப்பிலோ வைத்துத் தீனியும் நீரும் கொடுக்க வேண்டும். பின்னர் மேயவிடும் இடத்தில் முருங்கை, அகத்தி போன்ற மரங்களின் நிழலும், ஓடி ஒளியத் தாழ்ந்த பந்தலும் இருத்தல் நலம். மந்தையில் நல்ல சேவல் ஒன்று இருப்பதும் அவசியம். வானில் வரும் பகைக்கு ஒரு குரலும், நிலத்தில் வரும் பகைக்கு வேறொரு குரலும் எழுப்பி அது எச்சரிக்கும்.

இரவுக் காவல்

வளர்ந்த கோழிகளுக்கு அந்திமுதல் விடியும்வரை அபாயம் மிகுதி. காட்டுப்பூனை, மரநாய், நாய், பெருச்சாளி ஆகியவை இவ்வேளையில் வரும். கூண்டைத் தரையினின்று 2 அல்லது 3 அடி உயரமான கால்களின்மேல் அமைத்து, கால்களைச் சுற்றித் தகரம் அடிக்க வேண்டும். பாம்பும் எலியும் நுழையாதபடி ½ அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையே ஏற்றது. பொழுது சாயுமுன் கூண்டருகே ஒரு பிடி தானியம் இறைத்து வந்தால் கோழிகள் தாமாகவே வந்தடையும். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

கீரி பகலிலேயே வரும். கரும்பு வயலை ஒட்டிய வேலியோரப் புதர்களை நீக்கி, சில கஜ தூரம் வெளியாக வைத்தால் அது மறைந்து அணுகுதல் அரிது.

கவனிக்க வேண்டியவை

கீரி, காட்டுப்பூனை முதலியவை 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவை. அவற்றைக் கொல்வது குற்றமாகும். விஷம் வைத்தால் வீட்டு நாயும் கால்நடையும் மடியக்கூடும். இறந்த கோழிகளையும் இறைச்சிக் கழிவையும் வெளியே எறிவதே தெருநாய்களையும் பருந்துகளையும் ஊருக்குள் வருவிக்கிறது. அவற்றை ஆழக் குழிதோண்டிப் புதைக்கும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களாயின், ஊரார் அனைவரின் கோழிகளுக்கும் அது காவலாகும்.