அபாய அறிவிப்பைக் குழு மின்னஞ்சலுடன் இணைக்கும் முறை

ஓர் அபாயத்தால் விளையும் நஷ்டம், அச்செய்தி உரியவருக்கு எட்டுவதில் நேரும் தாமதத்தால் பன்மடங்கு பெருகுகிறது. ஏரி உடைப்பையும் வெள்ளத்தையும் தண்டோராப் போட்டு அறிவித்த நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1864-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரும்புயல் கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. அதன் பயனாக 1865-இல் அத்துறைமுகத்துக்குப் புயலெச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. புயலைத் தடுத்தல் மனிதரால் ஆகாது. செய்தி அதற்கு முந்திச் சென்றால் காக்கத்தக்கவற்றைக் காக்கலாம்.

இக்காலத்தில் யந்திரமே அபாயத்தை உணர்ந்து, எழுத்தர் எவருமின்றிச் சங்கத்தார் அனைவருக்கும் மடல் விடுக்கும்படி செய்யலாம். அம்முறையையும், அதில் நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

பால் தொட்டி ஓர் உதாரணம்

ஒரு கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள 2,000 லிட்டர் குளிர்விப்புத் தொட்டியில் மாலைப் பால் ஊற்றப்படுகிறது. அதனை விரைவில் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்து அந்நிலையிலேயே வைத்தல் வேண்டும். இரவு 8 மணிக்குக் கம்ப்ரசர் நின்றுவிடுகிறதென்று கொள்க. பாலுக்கு இயல்பாயுள்ள காப்புச் சக்தி சிறிது நேரத்தில் நீங்கிய பின், வெதுவெதுப்பான பாலில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அவ்விதம் 5 மணி நேரத்தில் பத்து முறை இரட்டித்தால், ஒன்றாயிருந்தது ஆயிரத்துக்கு மேற்பட்டதாகும். காலையில் வண்டி வரும்பொழுது பால் புளித்திருக்கும். லிட்டர் 35 ரூபாய் வீதம் கணக்கிட்டாலும் நஷ்டம் 70,000 ரூபாய். அஃது ஒரு தனவந்தருடைய பணமன்று. ஒன்றிரண்டு மாடுகளை வைத்துக் காலங்கழிக்கும் பல குடும்பங்களின் ஒரு வேளைக் கூலியாகும்.

தொட்டியிலுள்ள உஷ்ணமானி நிகழ்ந்ததை அப்பொழுதே காட்டியிருக்கும். அதனைப் பார்ப்பதற்குத்தான் அவ்விடத்தில் ஒருவரும் இல்லை.

ஏற்பாட்டின் மூன்று உறுப்புகள்

முதலாவது, அபாய அறிவிப்புக் கருவி. தொட்டியில் பொருத்திய உணர்கருவி அனுப்பும் குறிப்பைப் பெற்று, அதனை ஓர் 'அபாயம்' என்று பதிந்து, முறைக்காரரைத் தொலைபேசியில் அழைப்பது இதன் தொழில். 2009-இல் தொடங்கிய பேஜர்டியூட்டி இவ்வகையில் பெயர்பெற்றது. கணிப்பொறி நிலையங்களுக்காகவே இஃது ஏற்பட்டதாயினும், மின்னஞ்சல் வாயிலாகவும் குறிப்புகளை ஏற்குமாதலால், மின்னஞ்சல் அனுப்பவல்ல எந்த உணர்கருவியையும் இதனோடு சேர்க்கலாம்.

இரண்டாவது, குழு மின்னஞ்சல். கூகிள் குரூப்ஸ் போன்றதில் ஒரு பொதுமுகவரி ஏற்படுத்திக்கொண்டால், அதற்கு விடுத்த ஒரு மடல் அங்கத்தினர் அனைவருக்கும் போய்ச் சேரும். காரியதரிசி மாறினாலும் முகவரி மாறுவதில்லை.

மூன்றாவது, இவ்விரண்டையும் பிணைக்கும் இணைப்புச் சேவை. ஜேப்பியர், மேக், பவர் ஆட்டோமேட், 2019-இல் பெர்லின் நகரில் தோன்றிய என்8என் முதலியன இவ்வகையின. இவற்றைக் கையாள நிரல் எழுதும் வித்தை வேண்டுவதில்லை. 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்க' என்று திரையிலுள்ள கட்டங்களை நிரப்பினால் போதும்.

இணைக்கும் முறை

1. எந்த நிலையை அபாயமென்று கொள்வது என்பதை முதலில் தீர்மானிக்க. பால் ஊற்றும் வேளையில் உஷ்ணம் உயர்வது இயல்பு; அதற்கெல்லாம் மணியடித்தல் கூடாது. கம்ப்ரசருக்கு மின்சாரம் 10 நிமிஷம் தொடர்ந்து வாராமை ஒன்று. தொட்டி செய்தவர் குறித்துள்ள குளிர்விப்பு நேரம் கழிந்தும் பால் எல்லைக்கு இறங்காமை மற்றொன்று. இவ்விரண்டும் போதும்.

2. குழு முகவரியை ஏற்படுத்தி, சங்கத் தலைவர், காரியதரிசி, தொட்டிக் காவலர், மின் பழுது பார்ப்பவர், பால் வண்டிக்காரர் ஆகியோரைச் சேர்க்க. கிராம நிர்வாக அலுவலர் விரும்பினால் அவரையும் சேர்க்கலாம்.

3. அக்குழுவுக்கு மடல் எழுதும் உரிமை எவருக்கு உண்டென்பதைச் சரிபார்க்க. அங்கத்தினர் மட்டுமே எழுதலாம் என்ற விதி இருப்பின், இணைப்புச் சேவை எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறதோ அதனையும் அங்கத்தினராகப் பதிய வேண்டும். இதனை மறந்தால் மடல் திரும்பிவிடும், அல்லது ஒருவர் அனுமதிக்கும்வரை உள்ளேயே காத்துக்கிடக்கும். மடல்களைத் தொகுத்துப் பெறும்படி எவரேனும் அமைத்திருந்தால், ஒவ்வொன்றையும் உடனே பெறுமாறு மாற்றச் செய்க.

4. இணைப்புச் சேவையில் 'புதிய அபாயம் பதிவாதல்' என்பதைக் காரணமாகவும், 'குழு முகவரிக்கு மடல் விடுத்தல்' என்பதைக் காரியமாகவும் அமைக்க. அபாயம் தீர்ந்தபொழுதும் ஒரு மடல் செல்லுமாறு இன்னோர் இணைப்பு வேண்டும். இல்லையேல் பழுது நீங்கிய பின்னும் பலர் வீணே ஓடிவருவர்.

5. மடலின் தலைப்பிலேயே ஊர், தொட்டி எண், உஷ்ணநிலை, நேரம் ஆகியவை அமைதல் வேண்டும். மடலைத் திறவாமலே செய்தி விளங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பலருக்கு ஒருங்கே சொன்ன சொல்லை ஒருவரும் தமக்குச் சொன்னதாகக் கொள்ளார். பத்துப் பேருக்கு மடல் சென்றால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பதின்மரும் உறங்குவர். ஆகையால் குழு மடல் யாவரும் அறிவதற்கும் பிற்பாடு கணக்குப் பார்ப்பதற்கும் உரியதே தவிர, ஆளை எழுப்புவதற்கு உரியதன்று. எழுப்பும் வேலையை அறிவிப்புக் கருவியின் தொலைபேசி அழைப்புக்கே விட வேண்டும். இன்றிரவு முறைக்காரர் இன்னார். அவர் 10 நிமிஷத்தில் 'அறிந்தேன்' என்று விடை தராவிடின் அடுத்தவர் இன்னார் என்று பெயர் குறித்து வைக்க. அப்பெயர்களை மடலின் முதல் வரியிலும் எழுதுக.

இணைப்புச் சேவைகளுள் சில, செய்தி வந்தவுடன் செயற்படும். சில, குறித்த இடைவெளிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தே செயற்படும். கட்டணமில்லா வகையில் அவ்விடைவெளி கால் மணி நேரம் ஆகக்கூடும். மாதத்தில் இத்தனை முறையே என்ற வரம்பும் உண்டு. இவற்றை முன்னரே விசாரித்தல் அவசியம்.

மற்றொரு பிழை சுழற்சி. மின்னஞ்சல் வாயிலாக அபாயங்களை ஏற்கும் கருவியின் முகவரியைக் குழுவிலும் சேர்த்துவிட்டால், குழு மடல் கருவிக்குப் போய்ப் புதிய அபாயமாகப் பதியும். அப்பதிவு மீண்டும் குழுவுக்கு மடல் விடுக்கும். செக்குமாடுபோல் இது முடிவின்றிச் சுற்றும். ஆகவே அம்முகவரியைக் குழுவில் ஒருபொழுதும் சேர்க்கலாகாது.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மின்சாரம் நின்றால் கம்ப்ரசரோடு கூட, செய்தியை அனுப்பும் இணையப் பெட்டியும் நின்றுவிடும். அப்பொழுது அபாயம் உண்டு. ஆனால் செய்தி இராது. செய்தி வாராமையை க்ஷேமம் என்று எண்ணுதல் பெருந்தவறு. உணர்கருவிக்கும் இணையப் பெட்டிக்கும் தனியே பாட்டரி வைக்க. அன்றியும், 15 நிமிஷத்துக்கு ஒருமுறை 'நலம்' என்னும் குறிப்பை உணர்கருவி அனுப்புமாறும், அக்குறிப்பு வாராவிடில் அதனையே அபாயமாகக் கொள்ளுமாறும், தொட்டிக்கு வெளியே உள்ள கண்காணிப்புச் சேவை ஒன்றில் ஏற்பாடு செய்க. இரவுக் காவலன் குரல் கேளாவிட்டால் ஊரார் விழித்துக்கொள்வது போன்றது இது.

மாதந்தோறும் சோதனை

மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொட்டி காலியாயிருக்கும் நேரத்தில் கம்ப்ரசரின் மின் இணைப்பை நிறுத்திப் பார்க்க. முறைக்காரருக்கு அழைப்பு எப்பொழுது வந்தது, குழுவுக்கு மடல் எப்பொழுது சேர்ந்தது, ஆள் வந்து ஜெனரேட்டரை இயக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற மூன்றையும் சங்கப் புத்தகத்தில் எழுதுக. மற்றொரு நாளில் இணையப் பெட்டியை மட்டும் நிறுத்தி, 'நலம்' வாராமை அபாயமாகப் பதிகிறதா என்று பார்க்க. ஊரை விட்டுப் போனவர், எண் மாற்றியவர் ஆகியோரின் பெயர்களையும் அன்றே திருத்துக.

யந்திரம் செய்தியை நொடியில் கொண்டு சேர்க்கும். எழுந்து சென்று ஜெனரேட்டரை இயக்குவது மனிதரே. இன்றிரவு யார் எழுவர் என்ற கேள்விக்கு விடை எழுதியுள்ள சங்கமே இவ்வேற்பாட்டின் முழுப் பயனையும் அடையும்.