இஞ்சியின் காரம் வீணாகாமல் இருக்க

இஞ்சியின் நற்குணத்தில் பெரும்பங்கு அதன் காரத்தில்தான் இருக்கிறது. பச்சை இஞ்சி நாக்கில் சுறுசுறுவென்று ஏறக் காரணம் ஜிஞ்சரால். ஆய்வுக்கூடச் சோதனைகளில், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கு கூடுதலாக உறைப்பது அதனால்தான். அந்தக் காரம் வீணாகாமல் உடம்பில் சேரும் வழி இது.

1. தேர்வு: சாறு எடுக்க முற்றிய இஞ்சியே நல்லது. கையில் கனக்க வேண்டும், தோல் இறுக்கமாக இருக்க வேண்டும். உடைத்தால் 'டக்'கென்று ஒடிந்து மணம் எழ வேண்டும். சுருங்கியதும் பூஞ்சை பிடித்ததும் வேண்டாம்.

2. சுத்தம்: கணுக்களின் இடுக்கில் மண் ஒட்டியிருக்கும். 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பிறகு ஸ்பூனின் ஓரத்தால் தோலைச் சுரண்டுங்கள். கத்தியால் சீவினால் சதையும் சேர்ந்து போய்விடும். இஞ்சிக்குப் புறநஞ்சு, அதாவது அதன் தோல் ஆகாது, என்பது சித்த மருத்துவ வழக்கு. அதனால் தோலை விட்டுவைக்க வேண்டாம்.

3. சாறு: துருவி அல்லது தட்டி, துணியில் வைத்துப் பிழியுங்கள். சாற்றை 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். தெளிவை மட்டும் மெதுவாக இறுத்துக்கொண்டு வண்டலைக் கொட்டிவிடுங்கள்.

4. அருந்தும் முறை: ஒரு டீஸ்பூன் தெளிவு, ஒரு டீஸ்பூன் தேன், அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர். சாற்றை அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். சூட்டில் ஜிஞ்சரால் குறையும். அன்றன்று பிழிந்து அன்றே குடித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் எரிச்சல் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம்.

5. சுக்கு: மழைக்காலத்துக்குச் சுக்கு மல்லி காபி ஏற்றது. சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, மல்லி விதை, கொஞ்சம் மிளகு சேர்த்து இடியுங்கள். கருப்பட்டி கரைத்து வடிகட்டிய நீரில் அந்தப் பொடியைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். மீதிப் பொடி காற்றுப்புகாத டப்பாவில் இருக்கட்டும்; திறந்து கிடந்தால் மணம் போய்விடும்.

அளவு முக்கியம். ஆய்வுகளில் குமட்டலுக்குப் பெரும்பாலும் தரப்பட்டது நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் சுக்குப்பொடிதான். அளவு மீறினால் நெஞ்செரிச்சல் வரும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

ஆய்வுக்கூடத்தில் ஜிஞ்சரால் காட்டும் ஆற்றலை நம்பிச் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை தன் வேலையைச் செய்யட்டும். இஞ்சி உணவோடு அளவாகத் தினமும் சேரட்டும்.