தொற்றுக் காலமும் சங்க அறிவிப்பும்

தமிழ்நாட்டில் கொரோனா நோய் முதன்முதல் உறுதியானது 2020 மார்ச் 7-ஆம் நாள், நம் காஞ்சிபுரத்தவர் ஒருவருக்குத்தான். அக்காலத்தே கோழி இறைச்சியால் அந்நோய் பரவுமென்ற வதந்தி நாமக்கல் பண்ணையாளரைப் பெரிதும் வாட்டிற்று. மே 5-ஆம் நாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. சில நாட்கள் கழித்தே திருமழிசையில் காய்கறி வாணிபம் தொடங்கிற்று. இத்தகைய செய்தி லாரி புறப்படுமுன் விவசாயிக்கு எட்ட வேண்டும். பின்னர் எட்டினால் சரக்கு அழுகும்.

ஆகவே சங்க அறிவிப்பில் நாளும் நேரமும் முதலில் நிற்றல் வேண்டும். “நிலைமை சீரானதும் தெரிவிக்கப்படும்” என்பதை அறிவிப்பென்று நாம் ஒப்போம். பட்டு நூலும் சரிகையும் என்று கிடைக்கும், நெய்து முடித்த சேலையை எங்கே ஒப்படைப்பது, கூலி எந்நாளில் என்பனவே அங்கத்தினர் கேட்பவை. முடிவாகாததை முடிவாகவில்லை என்றே எழுதி, அடுத்த அறிவிப்பின் நாளைக் குறிக்கலாம். தாமலிலும் சுற்றூர்களிலும் கைப்பேசி பழகாத முதியோர் உளர். ஆதலின் அறிவிப்பைச் சங்கப் பலகையிலும் ஒட்டி, வீதிதோறும் ஒருவரைக்கொண்டு சொல்லுவித்தல் நன்று.

நோயுற்றவர் பெயரைப் பலகையில் எழுதலாகாது. எழுதினால், அடுத்து நோயுறுபவர் அஞ்சி அதனை மறைத்துத் தறியில் அமர்வார்.