மேலிருந்து பார்த்தால் கொரங்காடு

(இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

வெள்ளகோவில், காங்கயம், மூலனூர்ப் பக்கம் பேருந்தில் சென்றவர்கள் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் காடுகளைக் கண்டிருப்பார்கள். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மேயும் காங்கயம் மாடு: இதுவே கொரங்காடு. இதைத் துணைக்கோள் எவ்வாறு பார்க்கிறது என்பதே என் கட்டுரையின் பொருள்.

பச்சையிலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை இவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீட்டெண் கிடைக்கும். சிவப்பு 5 விழுக்காடும் அகச்சிவப்பு 45 விழுக்காடும் திரும்பினால், 40-ஐ 50-ஆல் வகுக்க 0.8, நல்ல பசுமை. 20-உம் 30-உம் ஆனால் 0.2, காய்ந்த தரை.

1972-இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம் ஒரே புள்ளி. 2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 ஓர் ஏக்கரை 40 புள்ளிகளாகக் காட்டுகிறது. ஆயினும் கிளுவை வேலி அதற்கும் தனியே தெரியாது. இப்படங்கள் இன்று இலவசம். லாண்ட்சாட் படங்களுக்கு 2008-இல்தான் அந்நிலை வந்தது.

பங்குனி மாதத்துப் படம் ஒன்றை அப்புச்சியிடம் காட்டினேன். எங்கள் காடு வெளிறிக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகாத அவர் சிரித்தார்: "ஏங்கண்ணு, பங்குனியில பாத்தா எந்தக் கொரங்காடு பச்சையா இருக்கும்? தூரு உசுரோட இருக்குதல்லோ! ஐப்பசி மழை பேஞ்சப்புறம் பாரு."

அன்றுதான் பாடம் விளங்கியது. ஒரு படம் போதாது. பங்குனியையும் கார்த்திகையையும் அருகருகே வைக்க வேண்டும். இரண்டிலும் பச்சையாக இருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலோ கிணற்றுப் பாசனத் தென்னையோ ஆகும். கார்த்திகையில் மட்டும் பசுமை காட்டுவது கொழுக்கட்டைப் புல்லாகலாம். மானாவாரிச் சோளமாகவும் இருக்கலாம்! அதை நேரில் சென்றுதான் அறிய வேண்டும். ஐப்பசிப் படங்களை மேகம் மறைத்துவிடுவதும் ஒரு தொல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2019-இல் வெளியான இந்தியத் தரிசுநில வரைபட நூலில் புதர்நிலமும் ஒரு தரிசு வகை. கோடைப் படத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கொரங்காடும் அப்படித்தான் தோன்றும். தரிசென்று எழுதப்பட்ட நிலத்தை மனையாக விற்கப் பேச்சு எழுந்தால், மாடு மேய்க்கிறவன் என்ன சொல்லித் தடுப்பான்?

வரும் கார்த்திகையில் பத்துக் காடுகளை நடந்து பார்த்து, எது புல், எது சோளம், எது சீமைக்கருவேல் என்று படத்தில் குறிக்க எண்ணியுள்ளேன். சைக்கிள் உள்ள நண்பர்கள் உடன் வரலாம். மோர் எங்கள் வீட்டில்.