பஞ்சாயத்து ஆபீஸோடு நின்றுவிட்ட நெட்

கேள்வி: எங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் ஃபைபர் பெட்டி மாட்டி நாளாகிறது. வீடுகளுக்கு இணைப்பு இல்லை. தனியாரைச் சேர்த்தால் குறைந்த கட்டணத்தில் நெட் கிடைக்குமா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: கிடைக்கும். ஆனால் எந்தத் தனியாரை என்பதுதான் கேள்வி. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய மத்திய அரசின் ஃபைபர் திட்டத்தின் இலக்கு சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள். தமிழ்நாட்டில் மட்டும் 12,525. ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் போடுவதிலேயே கவனம் போனது. அங்கிருந்து தெருவுக்குள் யார் கொண்டுபோவது என்பது பல ஊர்களில் அந்தரத்தில் நிற்கிறது.

2021-இல் 16 மாநிலங்களில் அரசு–தனியார் கூட்டுக்கு 19,041 கோடி ரூபாய் உதவித்தொகைக்கு மத்திய அமைச்சரவை சம்மதித்தது. டெண்டர் எடுக்க ஆள் வரவில்லை. சிதறிக் கிடக்கும் வீடுகள், நீளமான கேபிள், சொற்ப மாத வசூல்: பெரிய கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாது.

நான் நம்புவது உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரரை. எந்தக் கம்பத்திலிருந்து எந்த மாடி வழியாக ஒயர் போகிறது என்பது அவருக்கு அத்துப்படி. காற்றில் கிளை முறிந்து ஒயர் அறுந்தால், ஏணியோடு வந்து நிற்பவர் அவர்தான். மெயின் கேபிளை அரசு பராமரிக்க, வீட்டு இணைப்பை உள்ளூர்க்காரர் கொடுத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை பாரத்நெட்டிலேயே உண்டு. அதை விரிவாக்க வேண்டும். பங்கும் அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: பெட்டியில் விளக்கு எரிகிறதா? கரண்ட் போனால் பேட்டரி தாங்குமா? பழுதானால் யாரைக் கூப்பிடுவது? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.