ஆலைத் தெருவும் அருள் வேட்டலும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்குப் பொழுது புலர்வதை அறிவிப்பன பறவைகள் மட்டும் அல்ல. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு வண்டிகளின் முழக்கமும், விசைப்படகுகளின் ஒலியும் நம்மைத் துயிலெழுப்புகின்றன. உழைப்பார் நிறைந்த இந்நிலத்திற்கும் செந்தமிழ்க் கவிதைக்கும் என்ன உறவு என்று வினவுவார் உளர். அவ்வுறவைத் தம் வாழ்வால் விளக்கியவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிற் பயின்றார். அங்கே தமிழாசிரியராயிருந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அவருள்ளத்தே தமிழ்க் காதலை வளர்த்தார். 1904இல் அவ்வாசிரியர் பொருட்டு நீதிமன்றத்திற்குச் சென்றமையால் திரு.வி.க. தேர்வெழுத இயலாது போயிற்று. பள்ளிப் படிப்பும் அத்துடன் முடிந்தது. தேர்வையே வாழ்வின் எல்லையாக எண்ணும் நாம் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று. பட்டம் பெறாத அவரே பின்னர் வெஸ்லியில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1917இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். 1920இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். அரசியல் மேடையில் ஆங்கிலமே கோலோச்சிய அந்நாளில், எளிய மக்கள் கேட்டு உணருமாறு தூய தமிழிற் பேசியும் எழுதியும் வந்தார்.

அத்தமிழ் ஆலைத் தெருவிற்கும் சென்றது. இராயபுரத்திற்கு மேற்கே, பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைகளின் தொழிலாளர்க்காக 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர். பி. பி. வாடியா தலைவராகவும், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினர்.

1921இல் எழுந்த பெரு வேலை நிறுத்தம் அவரைக் கடுஞ் சோதனைக்கு உள்ளாக்கிற்று. நாடு கடத்தப்படுவீர் என்று ஆளுநர் வில்லிங்டன் பிரபு எச்சரித்தார், அவர் அஞ்சினாரல்லர். ஆயின் அதனினும் பெரிய துன்பம் தொழிலாளர்க்குள்ளேயே விளைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலார் வேலைக்குத் திரும்பினர். பகை மூண்டது, புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒரே ஆலையில் ஒரே கூலிக்கு உழைத்தவரைச் சாதி இரு கூறாக்கிற்று. சங்கம் என்னும் சொல்லை ஏற்றவர் அனைவரும் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராக ஏற்றிலர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. திரு.வி.க.வைப் போற்றுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வர். கற்போர் அவ்வாறு செல்லுதல் முறையன்று.

இந்நிகழ்ச்சியை நினைவிற் கொண்டு அவருடைய செய்யுள் நூல்களை நோக்குவோம். 1931இல் 'உரிமை வேட்கை', 1932இல் 'முருகன் அருள் வேட்டல்', 1942இல் 'பொதுமை வேட்டல்', 1945இல் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்', 1951இல் 'பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்' என்பன வெளிவந்தன. வேட்டல் என்பது விரும்புதல். இல்லாத ஒன்றையே நெஞ்சம் வேட்கும். 1921இற் கண்ட பிளவே 1942இற் பொதுமையை வேட்கச் செய்தது என்று நாம் துணிந்துரையோம். ஆயினும் பொதுமை எளிதிற் கிட்டுவதன்று என்பதை ஆலைத் தெருவில் நேரிற் கண்டவர் பாடிய நூல் அஃது என்பதை மறவாது கற்றல் வேண்டும். திருவொற்றியூர் இறைவனைப் பாடிப் பரவிய வள்ளலாரின் உள்ளத்தை ஆராய்ந்து 1929இல் நூல் செய்தவரும் அவரே. சைவராகிய அவர் கிறிஸ்து பெருமானின் அருளை வேட்டுப் பாடியது, கிறிஸ்தவராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதோடு ஒரு கடனையும் சுமத்துகின்றது. நம் திருச்சபைகளிலும் சாதி நுழைந்துள்ளதை எண்ணுங்கால் அக்கடன் இன்னும் தீர்ந்திலது என்பது புலனாகும்.

நாடு விடுதலை பெற்ற 1947இலும், தொழிலாளர் போராட்டங் காரணமாக அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். முதுமையிற் கண்ணொளி குன்றியபோதும், பாக்களைச் சொல்லிப் பிறரை எழுதுவித்தார். அந்நாளைய நூலொன்றின் பெயர் 'இருளில் ஒளி'. 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார்.

அவ்வாலைகள் இன்று இல்லை. அவர்தம் உரைநடையைப் போற்றுவோர் பலராயினும், செய்யுட்களைப் பயில்வோர் சிலரே. எனினும், புலமை நூலகத்தோடு நின்றுவிடாது தெருவிற்கும் செல்லல் வேண்டும் என்பதும், சென்றவிடத்து யார் விடுபட்டனர் என்று நோக்கல் வேண்டும் என்பதும் அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்கள். தமிழ் பயிலும் நண்பர்களே, நம் கல்லூரி வாயிலுக்கு வெளியே சுமை தூக்கிச் செல்வோர் பேசுவதும் நாம் கற்கும் தமிழேயன்றோ?